மாட்டுவண்டித் தண்ணீர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் பிறந்தது லால்குடிப் பக்கம். கல்யாணமாகி சிங்கப்பூர் போய் 16 வருஷம் ஆகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் நேரத்தில் சிங்கப்பூரைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்களேன் என்று கேட்டார்கள், சரி என்று வந்துவிட்டேன். திருச்சியிலிருந்து நேராக விமானம் போகிற ஊர் என்பதால் உங்களில் பலருக்கு அங்கே மகனோ மச்சானோ இருப்பார்கள், நீங்களே ஒருமுறை போய் வந்தும் இருப்பீர்கள். அதனால் விமான நிலையம், செந்தோசா, சிங்கம் வாயிலிருந்து தண்ணீர் ஊற்றும் இடம் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அங்கே சீனர்கள் வந்து குடியேறிய பகுதியான சைனாடவுனைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் ஆட்கள் பெரும்பாலும் தேக்காவோடு, அதாவது லிட்டில் இந்தியாவோடு நின்றுவிடுகிறார்கள். அப்படியே சைனாடவுன் போனாலும் முதல் தெருவில் சாவிக்கொத்தும் காந்தப் படமும் வாங்கிக்கொண்டு, மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் ஏழெட்டு வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். அந்த இடத்தை எனக்குக் காட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. கான்டனீஸ் பேசும் சீன அம்மா, எழுபதைத் தாண்டியவர். என்னை "கேர்ள்" என்றுதான் கூப்பிடுவார், எனக்கு நாற்பது வயதாகியும் அதே கூப்பாடுதான். ஒரு சீனப் புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்பு, சாமான் வாங்கப் போகிறேன், பை தூக்க ஆள் வேண்டும், வா என்றார்.

தேக்காவிலிருந்து ஊதா நிற ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். நிலையப் பலகையில் தமிழிலும் எழுதியிருக்கும். சீன எழுத்தில் இருப்பது வேறு பெயர், அதை "நியூ சே சுய்" என்று படிக்கிறார்கள். மாட்டுவண்டித் தண்ணீர் என்று அர்த்தமாம். மலாய்க்காரர்கள் சொல்லும் "கிரேத்தா ஆயர்" என்றாலும் தண்ணீர் வண்டிதான். குழாய் வராத காலத்தில் ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் ஏற்றி வந்து இந்தத் தெருக்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822இல் நகரத்துக்கு வரைபடம் போட்டபோது ஆற்றுக்குத் தென்மேற்கே இந்தப் பகுதியைச் சீனர்களுக்கு என்று ஒதுக்கினார். வந்து குவிந்தவர்களின் தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வண்டியின் பெயரே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது, எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பகோடா தெரு. அன்றைக்கு அந்தத் தெருவில் நாங்கள் நடந்தோம் என்று சொல்ல முடியாது, கூட்டமே எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. தலைக்கு மேலே சிவப்பு விளக்குக் கூண்டுகள், இரண்டு பக்கமும் அன்னாசிப் பழப் பணியாரம், பூசணி விதை, காய்ந்த காளான், தகடாகச் சுட்ட பன்றி இறைச்சி. அந்த இறைச்சிக்கு ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். கடைக்காரர்கள் மேடையில் ஏறி நின்று மைக்கில் கூவுகிறார்கள். நம்ம ஊர் தீபாவளிக்கு முதல் வாரம் என்.எஸ்.பி. ரோட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு மூச்சு முட்டியது, ஆன்ட்டிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "இதெல்லாம் கூட்டமா கேர்ள், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதையும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தத் தெருக்களில் இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள் வரிசையாக நிற்கும், இன்றும் நிற்கின்றன. கீழே கடை, மேலே வீடு, கடைக்கு முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி அகலத்தில் ஒரு நடைபாதை. இது ராஃபிள்ஸ் போட்ட விதி. மலாயில் "காக்கி லீமா", அங்கத்துத் தமிழர் பேச்சில் அஞ்சடி. அந்த அஞ்சடியில்தான் நாவிதர் உட்கார்ந்தார், செருப்புத் தைப்பவர் உட்கார்ந்தார், கடிதம் எழுதிக் கொடுப்பவரும் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர் வந்து, நான் நன்றாக இருக்கிறேன், இதோடு பணம் அனுப்பியிருக்கிறேன், அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொல்ல அவர் எழுதுவார்.

மாடியைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பாதி அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. ஆன்ட்டி பிறந்தது டெம்பிள் தெருவில் அப்படி ஓர் அறையில். அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் மூன்று பேர், ஆக ஆறு பேர். ஒரே பலகைக் கட்டில்: மேலே பெரியவர்கள், கீழே பிள்ளைகள். அந்த மாடியில் இருந்த எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே அடுப்படி, ஒரே கக்கூஸ், அதுவும் வாளி வைத்தது. யார் வீட்டில் என்ன சமையல், யார் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்பது மாடி முழுக்கத் தெரியும் என்றார். அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு யாராவது ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்துவிடுவார்களாம்.

அவருடைய பாட்டி கட்டட வேலைக்காரி. தலையில் சிவப்புத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு கருநீலச் சட்டையோடு மண் சுமக்கும் பெண்களின் பழைய படங்களைச் சிங்கப்பூரில் பல இடங்களில் மாட்டியிருப்பார்கள். குவாங்டோங் மாநிலத்தில் சம்சுய் என்ற இடத்திலிருந்து வந்ததால் சம்சுய் பெண்கள் என்று பெயர். 1930களில் உலகமெங்கும் வேலை இல்லாமல் போனபோது, வருகிற சீன ஆண்களின் எண்ணிக்கைக்கு ஆங்கிலேய அரசு கட்டுப்பாடு வைத்தது, அந்தக் கட்டுப்பாடு பெண்களுக்கு இல்லை. அதனால் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். கருங்கல்லும் மண்ணும் சுமந்து அந்த நகரத்தின் கட்டடங்களை எழுப்பினார்கள். ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், பலர் கடைசிவரை ஊர் திரும்பவில்லை. பாட்டியின் சிவப்புத் துணி இன்னும் ஆன்ட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஒருநாள் எடுத்துக் காட்டினார், சாயம் மங்கியிருந்தது, மடிப்பு மட்டும் கலையவில்லை.

இப்போது கோயிலுக்கு வருகிறேன். பகோடா தெரு முடிந்து சவுத் பிரிட்ஜ் சாலையைத் தொடும் முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பகோடா என்று அவர்கள் சொன்னது நம்முடைய கோபுரத்தைத்தான். அடுத்த தெரு டெம்பிள் தெரு, அதுவும் இந்தக் கோயிலால் வந்த பெயர். இந்தப் பக்கம் மசூதித் தெரு, அது சூலியா பள்ளிவாசலால் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய பள்ளிவாசல் அது. ஆக, சைனாடவுனின் மூன்று தெருக்களுக்குப் பெயர் கொடுத்தது தமிழர்கள் கும்பிட்ட, தொழுத இடங்கள்.

கோயிலைத் தொடங்கியவர் நாராயண பிள்ளை. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸ் வந்த கப்பலில் வந்தவர், சிங்கப்பூரில் செங்கல் சூளை போட்டவர். 1827இல் மரமும் அத்தாப்பு என்கிற ஓலைக் கூரையுமாகக் கோயில் எழுந்தது. இன்றைக்கும் ஐப்பசியில் தீமிதி நடக்கிறது, தேக்காப் பக்கத்துப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வருகிறார்கள். என் மனசில் நிற்பது இன்னொரு விஷயம். கப்பலை விட்டு இறங்கி, போக்கிடம் தெரியாமல் நின்ற நம் ஆட்கள் வேலை கிடைக்கும்வரை அந்தக் கோயிலில் தங்கியிருக்கிறார்கள். சீனர்களுக்கு அதே உதவியை அவரவர் குலச் சங்கம் செய்திருக்கிறது: படுக்க இடம், வேலைக்கு ஒரு சொல், செத்தால் எடுத்துப்போட நாலு பேர். ஒரே தெருவில் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம்.

கோயில் வாசலில் ஆன்ட்டி நின்றார். நான் சொல்வதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டார். "எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. உங்கள் கோயில் மணிதான் எங்களுக்கு நேரம் சொல்லும். காலை மணி அடித்தால் பாட்டி வேலைக்குக் கிளம்புவார், சாயங்கால மணிக்கு நான் வாசலில் போய் நிற்பேன்" என்றார். அத்தனை வருஷம் அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், அந்த மணி சுவருக்கு வெளியே யார் யாருக்குக் கேட்டது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்து டிரெங்கானு தெரு வழியாகத் தள்ளுமுள்ளுப் பட்டு சாகோ லேன் பக்கம் போனோம். இன்று அந்தத் தெருவில் ஒரு துண்டுதான் மிச்சம். முன்பு கான்டனீஸ்காரர்கள் அதைச் செத்தவர் தெரு என்பார்களாம். தடுப்பு அறையில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் ஒருவர் சாகக் கிடந்தால் என்ன செய்வது? அந்த அறையில் சாவு விழுந்தால் ஆகாது என்ற பயமும் உண்டு. அதனால் குடும்பம் இல்லாத, முடியாமல் போன கிழவர்களும் கிழவிகளும் அந்தத் தெருவில் இருந்த சாவு வீடுகளுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு கடைசி நாளுக்குக் காத்திருந்தார்கள். மேலே படுக்கை, கீழே சவ அலங்காரம். 1961இல் அரசு அதைத் தடை செய்தது. ஆன்ட்டி அந்த இடத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார், நானும் கேட்கவில்லை.

பக்கத்திலேயே புத்தர் பல் கோயில் இருக்கிறது. 2007இல் திறந்தது, பெரியது, பளபளப்பானது, எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால் அதோடு நிற்காமல், எதிரே நிற்கும் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்ற சாதாரணக் கட்டடத்துக்குள் கட்டாயம் போங்கள். தெருவில் வண்டிக்கடை போட்டிருந்தவர்களை 1983இல் இதற்குள் கொண்டுவந்தார்கள். அடித்தளத்தில் ஈரச்சந்தை: உயிரோடு துள்ளும் மீன், தவளை, பெயர் தெரியாத கீரைகள். மாடியில் 200க்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள், சிங்கப்பூரிலேயே பெரிய உணவங்காடி நிலையம் இதுதான். 2016இல் இங்கே சோயா சாஸ் கோழிச் சோறு விற்ற ஒரு கடைக்கு, நல்ல உணவகங்களுக்குக் கொடுக்கும் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது, அப்போது ஒரு தட்டு இரண்டு மூன்று வெள்ளிதான், அதாவது சிங்கப்பூர் டாலர். ஆன்ட்டி அழைத்துப் போனது வேறு கடைக்கு, கரி அடுப்பில் மண்சட்டியில் சோறு வைப்பார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எனக்கு வைத்தார். எங்கள் அம்மாவும் அதைத்தான் எனக்கு எடுத்து வைப்பார்.

மேசைக்கு நாங்கள் காத்திருந்தபோது சுற்றிப் பார்த்தேன். கீழே தெருவில் இருந்தவர்கள் எங்களைப்போல வந்து போகிறவர்கள். மாடியில் இருந்தவர்கள் அந்த இடத்துக்காரர்கள்: ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள், தட்டு எடுக்கும் பாட்டி, அவரிடம் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் கடைக்காரர். கட்டடத்துக்கு வெளியே சதுக்கத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் சீனச் சதுரங்கம் ஆடுகிறார்கள், ஒவ்வொரு பலகையைச் சுற்றியும் யோசனை சொல்ல ஒரு கூட்டம். பலகையின் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது, சிப்பாய் அதைக் கடக்கலாம், யானை கடக்கக் கூடாது. விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்த தாத்தா அந்த ஆற்றின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புத்தாண்டுச் சமயத்தில் போவதாக இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்விடுங்கள், குழந்தை வண்டி வேண்டாம். மற்ற நாட்களில் காலை ஏழு மணி நல்ல நேரம், ஈரச்சந்தையும் சதுரங்கக்காரர்களும் இருப்பார்கள், நினைவுப்பொருள் கடைகள் திறந்திருக்காது.

அன்று வீடு திரும்பும்போது ஆன்ட்டி வாங்கிய ஆரஞ்சில் இரண்டை என் கையில் வைத்தார். ஒன்று கொடுக்கக் கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். அதன் பெயர் அவர்கள் பேச்சில் தங்கம் மாதிரி ஒலிக்கும். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சேர்ந்துதான் போகிறோம். இப்போது முழங்கால் வலியில் அவரால் அதிகம் நடக்க முடிவதில்லை, கோயில் வரை நடந்து, உள்ளே ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மணி கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த வாரம் நான் கிளம்புகிறேன். போன தடவை கொண்டுபோன மணப்பாறை முறுக்கு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இந்தத் தடவை மறக்காமல் வாங்கி வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இங்கிருந்து நேரே அதை வாங்கத்தான் போகிறேன். வணக்கம்.