ரயிலில் மட்டும் நிம்மதி

வணக்கம். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் நாவல் என்றாலே நிறையப் பேர் ஜான் பிரெயினின் 'ரூம் அட் த டாப்' பற்றித்தான் கேட்கிறீர்கள். 1957-இல் வந்தது. ஜோ லாம்ப்டன் பணக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மேலே போகிற கதை. நல்ல நாவல்தான். ஆனால் ஜோவுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். படித்து மேலே வந்த பிள்ளைக்கு அதுகூடப் பல நேரம் தெரியாது. அதனால் இன்றைக்கு நாவலாசிரியர் டேவிட் ஸ்டோரியைப் பற்றிப் பேசுகிறேன்.

1933-இல் யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஐம்பதுகளில் ஸ்டோரி வார நாட்களில் லண்டனில், ஸ்லேடு கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார். சனிக்கிழமை ஆனால் வடக்கே லீட்ஸ் அணிக்காக ரக்பி லீக் ஆடினார். அங்கே ரக்பியிலும் வர்க்கம் உண்டு. லீக் வடக்கத்தித் தொழிலாளிகளின் ஆட்டம், ஆடினால் காசு. இன்னொரு வகையான யூனியன் ரக்பியில் அப்போது காசு வாங்கக் கூடாது.

ஆட்டக்காரர்களுக்கு இவர் படம் வரைகிற பூஞ்சைப் பையன். ஓவியப் பள்ளியிலோ முரட்டு ஆள். இரண்டுக்கும் நடுவே ஓடிய ரயிலில்தான் இயல்பாக இருக்க முடிந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ரயில் பயணங்களில்தான் 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' நாவலுக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். அது 1960-இல் வெளிவந்தது.

சரி, நான் உங்களைப் படிக்கச் சொல்வது அவருடைய இன்னொரு நாவலான 'சேவில்'. 1976-இல் புக்கர் பரிசு பெற்றது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதில் எழுதுகிற ஒரு பரீட்சைதான் பிள்ளை கிராமர் ஸ்கூலுக்கு, அதாவது தேர்வில் தேறியவர்களுக்கான மேல்நிலைப் பள்ளிக்கு, போவதா வேண்டாமா என்று முடிவு செய்தது. நாவலின் நாயகன் காலின் சேவிலின் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். மகன் கரிக்குழிக்குள் இறங்கக் கூடாது என்று அவரே உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பையனும் கிராமர் ஸ்கூலுக்குப் போகிறான். அந்தப் படிப்பே கொஞ்சம் கொஞ்சமாக அவனை வீட்டில் அந்நியனாக்குகிறது. அவன் கோபப்படுகிறான், அதுவும் அவனுக்காகவே உழைத்தவர்கள் மேல். பல இடங்களில் எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் புத்தகத்தை மூட முடியவில்லை.

தொழிலாளி வர்க்க வாழ்க்கையைப் பற்றி எழுதிய விமர்சகர் ரிச்சர்ட் ஹாகார்ட் லீட்ஸ்காரர். உதவித்தொகையில் படிக்கிற பையனைப் பற்றி எழுதும்போது, அம்மா இஸ்திரி போட, ரேடியோ பாட, அதே அறையில் அவன் வீட்டுப்பாடம் செய்வதைக் காட்டுகிறார். அந்த மேசையிலிருந்துதான் தூரம் ஆரம்பிக்கிறது.

'சேவில்' தடிமனான புத்தகம், தொடக்கம் மெதுவாகப் போகும். விட்டுவிடாதீர்கள். காலின் ஊரைவிட்டு லண்டனுக்குக் கிளம்புகிற இடம் வரை வாருங்கள். அங்கே எனக்கு அந்த அப்பாவின் முகம்தான் நினைவில் நின்றது.