முப்பது என்றால் முப்பது

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்து முப்பது வருடம் ஓட்டியவன் நான். விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் கிரிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். டி.வி.யில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம். முழுப்பரீட்சை முடிந்தால் போதும், கடைக்கு வருவதில் பாதி அதுதான்: சூடேறிக் கருகிய அடாப்டர், பட்டன் தேய்ந்த ரிமோட், வாயால் ஊதி ஊதிக் களிம்பேறிய கேசட்.

அந்தக் கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். என் அக்கா மகன் அதை வேதவாக்காக நம்பினான். ஒரு மே மாதம், வெயிலுக்குப் பயந்து தெருவே கதவடைத்திருந்த மத்தியானம், "எண்ணிப் பார்த்துவிடலாமடா" என்று அவனைக் கடையில் உட்காரவைத்தேன். நோட்டில் வரிசை எண் போட்டு எழுதினான். ஒன்றில் காண்ட்ரா என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். எட்டிலும் காண்ட்ரா, இரண்டாவது ஸ்டேஜில் தொடங்கும், அவ்வளவுதான். பதினைந்திலும் அதேதான். இருநூறைத் தாண்டியதும் நோட்டை மூடினான். "ஏழுதான் மாமா" என்றான். அழவில்லை. அந்த ஏழு விளையாட்டையே கோடை முழுக்க ஆடினான்.

அதே பையனுக்கு இப்போது வெளிநாட்டில் வேலை. 2018 தீபாவளிக்கு வந்தவன் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை நீட்டினான். தன் 1980களின் விளையாட்டு இயந்திரத்தைச் சுருக்கி ஜப்பான் நிறுவனமான நிண்டெண்டோ 2016 நவம்பரில் வெளியிட்ட என்இஎஸ் கிளாசிக். கேசட்டே கிடையாது. 30 விளையாட்டுகள் உள்ளேயே இருக்கின்றன. முப்பது என்றால் முப்பது. எட்டாம் எண்ணில் ஒன்றாம் எண் திரும்பி வராது.

பட்டியலை இரண்டு முறை தேடிவிட்டுக் கேட்டேன்: "காண்ட்ரா எங்கேடா?"

"சூப்பர் சி இருக்கிறதே மாமா. அதன் இரண்டாம் பாகம்."

அண்ணனை விட்டுவிட்டுத் தம்பிக்கு மட்டும் பத்திரிகை வைத்த கல்யாணம்! மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. காண்ட்ராவில் இதை அழுத்தினால் முப்பது உயிர். சொல்லும்போதே என் கட்டைவிரல் அசைகிறது, உங்களுக்குத் தெரியாது. தம்பியிடம் இந்த மந்திரம் பலிக்காது. அதற்கு வேறு வரிசை, பத்து உயிர்தான்.

ஜப்பானில் விற்ற பெட்டியிலும் முப்பதுதான். ஆனால் 22 பொது, 8 வேறு. அவர்கள் சிறுவயதில் ஆடியது அவர்களுக்கு. நமக்கென்று ஒரு முப்பதை எழுத யாரும் உட்காரவில்லை. நிண்டெண்டோவைப் பார்த்துச் செய்த போலி இயந்திரத்தில் ஆடியவர்கள்தானே நாம்! எழுதியிருந்தால் காண்ட்ரா முதலில், அடுத்தது பேட்டில் சிட்டி. செங்கல் சுவருக்குள் கழுகு, சுற்றிலும் எதிரி டாங்கிகள். அகழி சூழ்ந்த கோட்டையைப் பார்த்து வளர்ந்த ஊருக்குக் கோட்டை காக்கச் சொல்லித்தர வேண்டுமா?

வாத்து சுடும் டக் ஹண்ட்டும் நிண்டெண்டோ பெட்டியில் இல்லை. அதைத் தொழில்காரனாக நான் மன்னிக்கிறேன். அதன் பொம்மைத் துப்பாக்கியின் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி பார்க்கிறது. பிக்சர் ட்யூப் டி.வி.யின் வேகத்துக்கு அளவெடுத்துச் செய்த துப்பாக்கி அது. இன்றைய தட்டை டி.வி.யில் வாத்து சாகாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் மிச்சம். சோனி சுருக்கிய பெட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், போகட்டும். 2018 டிசம்பரில் வந்த அவர்களது பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 விளையாட்டுகள். அவற்றில் ஒன்பது, டெக்கன் 3 உட்பட, ஐரோப்பியப் பதிப்பு. நொடிக்கு 60 படம் என்று ஓடவேண்டியது 50 என்று ஓடுகிறது. சண்டை விளையாட்டில் அது கையிலேயே தெரியும். அடுத்த வருடம் ஸெகா நிறுவனம் தன் குட்டிப் பெட்டியில் 42 விளையாட்டுகள் கொடுத்தது, அதில் டெட்ரிஸ் வந்த கதை... ஒரு விரல்தான் இருக்கிறது. வணக்கம்.