விக்டோரியா மண்டபத்தில் தொடங்கிய சபை

நேயர்களுக்கு வணக்கம். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே, செங்கல் நிறத்தில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தைப் பலரும் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். சம்பளம் வாங்காமல், நாடகத்தின் மீதுள்ள விருப்பத்துக்காக மட்டும் நடித்த சுகுண விலாச சபை என்ற கூட்டத்தைப் பற்றி இங்கிருந்தே பேச விரும்புகிறேன்.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் கல்லூரி மாணவர். தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஏளனம். நடிப்பவரைக் கூத்தாடி என்று இழிவாகச் சொல்லி ஒதுக்கிய காலம் அது. அப்போது பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு தம் சபையினருடன் வந்து இந்த மண்டபத்தில் தெலுங்கு நாடகங்களை நடத்தினார். படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் வேடம் புனைந்து மேடையேறியதைக் கண்ட அந்த இளைஞர், அதே ஆண்டு ஜூலையில் நண்பர்கள் சிலருடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

தொடங்கிய சபை உடனே மேடையேறிவிடவில்லை. அவர் எழுதிய ‘புஷ்பவல்லி’ 1893இல்தான் அரங்கேறியது. விடிய விடிய நாடகம் பார்த்துப் பழகிய ஊரில், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் உரைநடை நாடகம் புதுமையாக இருந்தது. தம் சபையில் இருந்த நடிகர்களை மனத்தில் வைத்தே பாத்திரங்களைப் படைத்ததாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தொழிலுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக நடிக்கும் அமெச்சூர் சபையின் உயிர்நாடியே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் வெளியிலிருந்து ஆள் பிடிக்க இயலாதவர்கள், தம்மிடம் உள்ள குரலுக்கும் உருவத்துக்கும் ஏற்ற கதையைத் தேடித்தானே ஆக வேண்டும்? அவரது ‘மனோகரா’ நாடகம் அப்படிப் பிறந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் ‘அமலாதித்ய’னாகவும் மேக்பெத் ‘மகபதி’யாகவும் தமிழ் பேசினார்கள்.

சபையில் பெண்கள் நடிக்கவில்லை. ஸ்திரீ பார்ட்டுகளை ஆண்களே ஏற்றார்கள். அவர்களில் சி. ரங்கவடிவேலுவை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். வழக்கறிஞராக வாழ்ந்துகொண்டே, சம்பந்தனார் நாயகனாக நடித்த பல நாடகங்களில் அவர் நாயகியாக நின்றார். பெண் வேடம் போட்டவரை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் துணிவின் அளவு விளங்கும். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்ற பொதுவாழ்வினரும் இச்சபையின் மேடையில் நடித்தார்கள். ஆயினும், இவர்கள் மீட்டுத் தந்த மதிப்பு, நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனி நடிகர்களுக்கும் அக்கால நடிகையருக்கும் அதே அளவில் கிடைக்கவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

1911இல் சபையினர் கொழும்பு சென்று நடித்தார்கள். அந்தத் தாக்கத்தில் இலங்கையிலும் இதே பாங்கில் சபைகள் எழுந்தன. இலங்கை நாடகக் கலைஞர் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரைத் தம் குருவாகவே கொண்டார். இங்கோ ‘மனோகரா’வைத் தொழில்முறைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடத்தின.

சம்பந்தனார் 1924இல் நீதிபதியானார், 1959இல் பத்மபூஷண் பெற்றார், 1964இல் மறைந்தார். சபை அவர் வாழ்ந்த காலத்திலேயே மவுண்ட் ரோட்டுக்கு இடம் பெயர்ந்தது. இன்று அங்கே அது ஒரு பொழுதுபோக்கு மன்றமாக நடக்கிறது. வாசலில் மட்டும் சுகுண விலாச சபை என்ற பழைய பெயர் இருக்கிறது.