அட்ஜெக்டிவ் கிளாஸ்: அந்தக் குட்டி ‘டு’, ‘இன்’ எங்கே போச்சு?

திரையில்: தாம்பரம் போற ட்ரெயின்

குரல்: பார்க் ஸ்டேஷன்ல நின்னு ‘தாம்பரம் போற ட்ரெயின்’னு சொன்னா, எந்த ட்ரெயின்னு தெரிஞ்சுடுது. இங்கே ‘போற’ங்கிறது பெயரெச்சம். இங்கிலீஷ்ல இதே வேலையைச் செய்யற குட்டி வாக்கியம்தான் அட்ஜெக்டிவ் கிளாஸ் (clause). புத்தகத்துல ‘ரிலேட்டிவ் கிளாஸ்’னு போட்டிருந்தாலும் இதேதான்.

தமிழ்ல விளக்கம் முன்னாடி, பெயர் பின்னாடி. இங்கிலீஷ்ல தலைகீழ்: ‘தி ட்ரெயின் தட் கோஸ் டு தாம்பரம்’. இது சீக்கிரமே பழகிடும். நாம வழுக்கறது வேற இடத்துல.

திரையில்: நான் பேசின பொண்ணு. நான் இருக்கிற வீடு.

குரல்: பொண்ணுகிட்ட பேசினேன், வீட்ல இருக்கேன். பெயரெச்சமா மாத்தினதும் அந்த ‘கிட்ட’, ‘ல’ ரெண்டும் காணோம் பாருங்க. தமிழ்ல வேற்றுமை உருபு உதிர்ந்துடும், கேக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ்ல ப்ரிபொசிஷன் உதிராது. தமிழ்ல யோசிச்சுப் பேசறதாலதான் ‘தி கேர்ள் ஐ ஸ்போக்’, ‘தி ஹவுஸ் ஐ லிவ்’னு பாதியில நிறுத்திடறோம். ‘ஐ ஸ்போக் டு’, ‘ஐ லிவ் இன்’னு முடிக்கணும்.

சந்தேகம் வந்தா ரெண்டு வாக்கியமா எழுதிப் பாருங்க.

திரையில்: தி ஹவுஸ் இஸ் ஓல்ட். ஐ லிவ் இன் தி ஹவுஸ்.

குரல்: ரெண்டாவது வாக்கியத்துல ‘தி ஹவுஸ்’ஐ அடிச்சுட்டு, முன்னாடி ‘விச்’ போடுங்க. ‘இன்’ மேல கை வைக்காதீங்க. கிடைக்கறது ‘விச் ஐ லிவ் இன்’. அதை அப்படியே முதல் வாக்கியத்துல ‘ஹவுஸ்’ பக்கத்துல சொருகுங்க.

திரையில்: தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன் இஸ் ஓல்ட்.

குரல்: ‘இன் இஸ்’னு அடுத்தடுத்து வர்றது காதுக்கு இடிக்கும், ஆனா தப்பே இல்லை. ஆபீஸ் லெட்டர்னா ‘இன் விச் ஐ லிவ்’னு முன்னாடி தள்ளிக்கலாம். ‘தட்’ போட்டா மட்டும் அப்படித் தள்ள முடியாது. ‘இன் தட் ஐ லிவ்’ தப்பு. ‘வேர் ஐ லிவ்’னு சொன்னா ‘இன்’னே வேண்டாம், ‘வேர்’ அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கும்.

இன்னொண்ணு, அடிச்ச சொல்லை வேற வேஷத்துல திரும்பக் கொண்டு வராதீங்க. ‘தி புக் தட் ஐ பாட் இட்’ல அந்த ‘இட்’ அடிச்ச புக்தான்.

‘ஹூ’, ‘தட்’ எப்போ விடலாம்? அதுக்கு அடுத்து என்ன வருதுன்னு பாருங்க. ‘ஐ’, ‘ஷி’ மாதிரி தனி எழுவாய் வந்தா விடலாம்: ‘தி புக் ஐ பாட்’. நேரா வினைச்சொல் வந்தா விடக்கூடாது. ‘தி மேன் கால்ட் மீ இஸ் மை அங்கிள்’னு எழுதினா, படிக்கறவர் ‘மீ’யோட வாக்கியம் முடிஞ்சதுன்னு நினைச்சு, ‘இஸ்’ல முட்டிக்குவார். ‘ஹூ கால்ட் மீ’ கட்டாயம்.

திரையில்: மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் வேளச்சேரி இஸ் எ டாக்டர். மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் வேளச்சேரி, இஸ் எ டாக்டர்.

குரல்: முதல் வரியில கமா இல்லை. அண்ணன் தம்பி பல பேர், அதுல வேளச்சேரிக்காரர் டாக்டர். ரெண்டாவதுல ஒரே பிரதர்தான். வேளச்சேரி வெறும் கூடுதல் தகவல். அப்படி கமா போட்டு எழுதற இடத்துல ‘ஹூ’வுக்குப் பதிலா ‘தட்’ வராது, ‘ஹூ’வை விடவும் முடியாது.