மேல் டிவிஷனுக்கு ஒரு மாலைப் பூசை

(தேவிகுளம் மலைப்பகுதியில் ஒரு பங்கின் விண்ணேற்புத் திருநாள் ஆயத்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மரியே வாழ்க!

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, இந்த மழையிலும் மூணாற்றிலிருந்து ஏறி வந்திருக்கும் முதன்மைக் குரு அவர்களே, எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் சொல்லிக்கொடுக்கும் அருட்சகோதரிகளே, பஞ்சாயத்து உறுப்பினர் அம்மா அவர்களே, ஒரே வரிசையில் அமர்ந்து எங்கள் மனசை நிறைத்திருக்கும் தொழிற்சங்கப் பெரியவர்களே, பங்குப் பேரவை உறுப்பினர்களே, மரியாயின் சேனைத் தாய்மார்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, வேதியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த இளைஞர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். கோயில்பிள்ளை அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் இந்த மலைக்குளிரில் விடியுமுன் எழுந்து மணி அடிக்கிறவர் அவர். அவருக்கு ஒரு கைதட்டுக் கொடுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். கடன் திருநாளைப் பற்றி, அதாவது கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாளைப் பற்றி, திருச்சபை என்ன சொல்கிறது என்பது ஒன்று. நம் கோயிலில் அன்றைக்குக் கூட்டம் ஏன் குறைகிறது என்பது இரண்டு. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது மூன்று.

எங்கள் அப்பா கொழுந்துக் காட்டிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, ஒரே பழமொழியைத்தான் சொல்லுவார்: ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். இன்றைக்கு என் பேச்சும் அதுதான்.

1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1247-ஆம் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் விசுவாசிகள் திருப்பலியில் பங்கேற்கக் கடமைப்பட்டவர்கள். வழிபாட்டுக்கும் அன்றைய மகிழ்ச்சிக்கும் ஓய்வுக்கும் தடையான வேலைகளையும் விட்டுவிட வேண்டும். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். 1950 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். நம் பெரியவர்களோ அதற்கு வெகுகாலம் முன்னாலேயே கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதாவுக்குத் தேர் இழுத்தவர்கள். இப்போதும் நம்மில் பலர் போடிமெட்டு இறங்கி அந்தத் திருவிழாவுக்குப் போகிறார்கள். போய் வரட்டும், அங்கே பூசை கண்டாலும் கடமை நிறைவேறிவிடும். நான் பேசுவது இங்கேயே இருக்கிறவர்களைப் பற்றி.

நான் சிறுவனாக இருந்தபோது அன்றைய பூசைக்கு வெளித்திண்ணை வரை ஆள் நிற்கும். இப்போது பின் பெஞ்சுகள் காலி. உடனே சிலர், விசுவாசம் போய்விட்டது, செல்போன் வந்து கெடுத்துவிட்டது என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேளாங்கண்ணிக்குப் பஸ் போடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், ஒரே நாளில் சீட்டு நிரம்பிவிடும். விசுவாசம் அப்படியே இருக்கிறது. கோயிலுக்கு வந்து சேரும் வழிதான் இல்லை.

ஆகஸ்ட் 15 கேரளத்தில் சம்பளத்தோடு விடுமுறை. பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் எடுப்பு, கிடையாது. ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், எஸ்டேட் ஆபீஸில் கொடியேற்றம். பிள்ளையைக் கொடியேற்றத்துக்கு அனுப்பிவிட்டு அம்மா எப்படிப் பூசைக்கு வருவாள்? எஸ்டேட்டின் மேட்டுப் பகுதியில் இருக்கிற மேல் டிவிஷன்காரர்களுக்கு ஜீப்பும் வேண்டும். அதுவும் ஆகஸ்ட் மழையில். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போய் 70 உயிர்களை இழந்தோம். அதற்கப்புறம் மழை நாளில் மலைப்பாதையில் குழந்தையோடு நடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கே ஒரு பாட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், மேல் டிவிஷன்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். முப்பது வருஷத்துக்கும் மேலே இடுப்பில் படங்குத் துணி கட்டிக் கொழுந்தெடுத்த கை அவருடையது. ஒரு விண்ணேற்புத் திருநாள் அன்று விடியுமுன் குளித்து, பெட்டியிலிருந்த கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேத்திகளைக் கூட்டிக்கொண்டு ஜீப்புக்கு நின்றார். ஜீப் வந்தது, பாதி வழியில் சேற்றில் மாட்டியது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். டிரைவர் கல்லைப் போட்டுப் பார்த்தார், கட்டையைப் போட்டுப் பார்த்தார். வண்டி அசையவில்லை. பாட்டி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நான் நடக்குறேன், மாதா காத்திருப்பா" என்று இறங்கிவிட்டார். சாரல் அடிக்கிறது. அட்டை கடிக்கிறது. பேத்திகள் அழுகிறார்கள். "மூணு பேரும் செபமாலை சொல்லிட்டே போனா தூரம் தெரியாது" என்று நடத்திக்கொண்டே போகிறார். இனி நம் கோயிலுக்கு வந்தால் பூசை முடிந்திருக்கும் என்று தெரிந்ததும், பக்கத்தில் இருந்த, மலையாளத்தில் பூசை நடக்கும் சீரோ மலபார் கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்துவிட்டார்.

அங்கே இருந்த மலையாளச் சகோதரிகள் எவ்வளவு அன்பானவர்கள் தெரியுமா? தலை துவட்டத் துண்டு கொடுத்து, முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். முடிந்ததும் சூடாகக் கட்டன்சாயா கொடுத்து, யாரோ ஒருவர் தன் வண்டியிலேயே லயம் வரை கொண்டுவந்து விட்டார். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். ஆனால் சாயங்காலம் நம் வேதியர் போய்ப் பார்த்தால், பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். "உபதேசியாரே, நான் இன்னைக்குப் பூசை கண்ட கணக்கா, காணாத கணக்கா?" என்று கேட்டாராம். வேதியர் பொறுமையாகச் சொன்னார்: "பாட்டி, கத்தோலிக்க வழிபாட்டு முறை எதுவானாலும், எந்தக் கோயிலானாலும், பூசையில் பங்கேற்றால் கடமை நிறைவேறிவிட்டது. 1248-ஆம் சட்டமே அப்படித்தான் சொல்லுது." பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "சரி ஐயா, பூசை கண்டுட்டேன். ஆனா ஒரு வார்த்தை புரியலையே. எங்க மாதாகிட்ட நான் பேசலையே."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அதற்காகத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

அதே 1248-ஆம் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: திருநாளுக்கு முந்தின மாலைப் பூசையில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறிவிடும். ஆகஸ்ட் 14 சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற குருசடியில், அந்தச் சின்னக் கோயிலில், தமிழில் ஒரு பூசை. ஜீப் வேண்டாம், கொடியேற்றத் தடையும் இல்லை. கேட்பது இவ்வளவுதான்.

இது புதுமையும் இல்லை. 1537-லேயே திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் பாடுபட்டுப் பிழைக்கிறவர்கள் என்பதைப் பார்த்து அவர்களுக்குக் கடன் திருநாள்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தார். ஒருகாலத்தில் நற்கருணை வாங்குகிறவர் நடுராத்திரி முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும், பூசையும் காலையில்தான். 1953-இல் பன்னிரண்டாம் பயஸ் அந்த உபவாசத்தைத் தளர்த்தி, மாலைப் பூசைக்கும் வழி திறந்தார். உழைக்கிறவன் நேரத்தைத் திருச்சபை எப்போதும் பார்த்திருக்கிறது.

ஒரே சாமியார் எத்தனை பூசை வைப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேய்ப்புப் பணிக்குத் தேவை என்றால், ஆயரின் அனுமதியோடு கடன் திருநாளில் மூன்று பூசை வரை வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. முதன்மைக் குரு அவர்கள் மேடையில் இருக்கும்போதே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: 14-ஆம் தேதி மட்டும் உதவிக்கு ஒரு தமிழ்க் குருவை அனுப்புங்கள். அவரைக் கூட்டி வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் ஜீப் எங்கள் பொறுப்பு. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், சாமி. நாங்கள் கூடிவிட்டோம்.

மறைக்கல்வி பற்றிப் பேசவும் ஆசைதான். நேரம் ஆகிவிட்டது, சிஸ்டர் பேசுவார்கள். நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆயருக்கு எழுதிய விண்ணப்பம் வேதியர் ஐயாவிடம் இருக்கிறது. வாசலில் மேசை போட்டிருக்கிறார். மேல் டிவிஷன்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். கோயில் வாசலிலேயே வீடு இருக்கிறவர்கள் முதலில் போடுங்கள். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வையுங்கள், மை இருக்கிறது. ஜீப் வாடகைக்கு ஒவ்வொரு அன்பியக் குழுவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பணத்தைப் பேரவைப் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். குருசடிக் கூரையில் ஓட்டை இருக்கிறது, தகரம் அடிக்கத் தெரிந்த தம்பிகள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

மரியே வாழ்க!