பிளாஸ்க் கிடைத்த வாரமும் கி தெட்சேயும்

வணக்கம் மக்களே. கீழே சாலையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இன்று பால்கனி இல்லை, சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறேன். மிக்சி நடுவில் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

யூத வேதமான தோராவை வாரம் ஒரு பகுதியாக எடுத்துப் பேசுகிறேன் அல்லவா, போன வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். நோவா, யோசேப்பு என்று கதை வருகிற வாரங்களை மட்டும் பேசலாமே, சட்டம் வருகிற வாரங்கள் போரடிக்கின்றன என்று. எனக்கு அப்படியே நேர்மாறு. கதை வந்தால் போதும், ஆளாளுக்குத் தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, வெற்றிக்கு ஏழு படிகள் என்று பிழிந்து ஊற்றுகிறார்கள். யோசேப்பைக் குழியில் தள்ளியதில்கூட நிர்வாகப் பாடம் எடுக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வாரப் பகுதியின் பெயர் கி தெட்சே, தோராவின் கடைசி நூலான உபாகமத்தில் 21-ஆம் அதிகாரத்தின் நடுவில் தொடங்கி 25 முடியும் வரை, ஏறத்தாழ முழுக்கவே சட்டம். மரபான கணக்கில் தோராவின் 613 கட்டளைகளில் 74 இந்த ஒரு பகுதிக்குள்ளேயே இருக்கின்றன.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, ஒரு வருடத்தில் ஜெப ஆலயத்தில் படித்து முடிப்பார்கள். நான் யூதர் இல்லை. இஸ்ரேலில் ரெஹோவோத் நகருக்குக் குடிவந்த பிறகு, நம் மூன்றாம் மாடித் தாத்தாவை நச்சரித்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

சரி, பிளாஸ்க் விஷயம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு சாப்பாட்டுப் பை அனாதையாகக் கிடந்தது. உள்ளே ஒரு பிளாஸ்க். சாதாரண பிளாஸ்க் இல்லை மக்களே. நான் கடையில் மூன்று முறை கையில் எடுத்துவிட்டு, 189 ஷெக்கல் என்று பார்த்ததும் திரும்ப வைத்தேனே, அதே ரகம். 189! ஒரு பிளாஸ்க்குக்கு! அதில் வாரக்கணக்கில் காய்கறி வாங்கலாம் என்று நான் புலம்பிய வீடியோ நினைவிருக்கும். அதே பொருள் இப்போது சும்மா என் மடியில்.

இந்தப் பகுதியில் 22-ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. தொலைந்த மாடோ ஆடோ துணியோ கண்ணில் பட்டால் காணாததுபோல் போகக் கூடாது. உரியவர் யாரென்று தெரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் தேடி வரும்வரை வைத்திருக்க வேண்டும். கொண்டுபோய் வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தாத்தா சிரித்தார். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் பாவா மெட்சியா என்ற பகுதியை எடுத்துக் காட்டினார். வைத்திருப்பதற்கே தனி விதிகள் இருக்கின்றன! கண்டெடுத்தது துணியா? 30 நாளுக்கு ஒருமுறை உதறிக் காயப்போட வேண்டும். புத்தகச் சுருளா? 30 நாளுக்கு ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர் விரித்தாவது சுருட்ட வேண்டும். வெள்ளி, செம்புப் பாத்திரமா? அது கெடாமலிருக்கப் பயன்படுத்தலாம், தேய்கிற அளவுக்குக் கூடாது. தங்கமும் கண்ணாடியும் என்றால் எலியா தீர்க்கதரிசி திரும்பி வரும்வரை, அதாவது எப்போதென்றே தெரியாத நாள்வரை, தொடவே கூடாது. எல்லாம் பொருளின் நன்மைக்காக, கண்டெடுத்தவரின் பெருமைக்காக அல்ல. துணியை விரிக்கலாம், ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று விரிக்கக் கூடாது.

பிளாஸ்க்கைத் திறந்தேன். உள்ளே பழைய சூப். அந்த நாற்றத்தைச் சொல்லி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. வெந்நீர், சோடா உப்பு, எலுமிச்சை, திரும்ப வெந்நீர், வெயிலில் கவிழ்த்தல். இது பிளாஸ்க்கின் நன்மைக்கு. அப்புறம் பளபளவென்று நிற்கிறதா, பக்கத்தில் என் டிகாஷன். ஒரே ஒரு தடவை ஊற்றிப் பார்த்தால் என்ன, எவ்வளவு நேரம் சூடு நிற்கிறது என்று சோதனைதானே என்று மனசு வக்கீல் வைக்கிறது. அது என் நன்மைக்கு. ஊற்றவில்லை. இந்த வாரத்தின் மிகப் பெரிய சாதனை இதுதான், கைதட்டலாம்.

அறிவிப்பு எழுதுவதிலும் ஒரு நுணுக்கம். எருசலேமில் கோயில் இருந்த காலத்தில் தொலைத்தவரும் கண்டெடுத்தவரும் சந்திக்க ஒரு கல் இருந்ததாம். இவர் நின்று அறிவிப்பார், அவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்வார். நான் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் 'ஒரு பை கிடைத்தது' என்று மட்டும் போட்டேன், நிறம்கூடச் சொல்லவில்லை. ஒரு பெண்மணி தன்னுடையது சிவப்பு என்றார். இன்னொருவர், எந்தப் பையாக இருந்தாலும் வந்து பார்க்கிறேன் என்றார்! மிஷ்னாவை விவாதித்து விளக்கும் தால்மூத்தில் இவருக்கென்றே ஒரு வரி இருக்கிறது. ஏமாற்றுகிறவர்கள் பெருகிய பிறகு, அடையாளம் மட்டும் போதாது, நீ ஏமாற்றுக்காரன் இல்லை என்று சாட்சி கொண்டுவா என்று விதித்தார்களாம். கடைசியில் ஒரு கல்லூரிப் பையன், நீலப் பை, பிளாஸ்க் அடியில் சின்ன நசுங்கல், மூடியில் பூனை ஸ்டிக்கர் என்று வரிசையாகச் சொன்னான். கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, இது என்னுடையதுதானா என்று திருப்பிக் கேட்டான். அவ்வளவு சுத்தம்!

அடடா, ஒன்றை விட்டுவிட்டேன், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். தோராவின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தில் 23-ஆம் அதிகாரத்தில் இதே சட்டம் வேறு மாதிரி வருகிறது. வழிதவறிப் போவது உன் பகைவனின் மாடோ கழுதையோ என்றாலும் திருப்பிக் கொண்டுபோய் விடு என்று. நம் தரைத்தள வீட்டுக்காரரைத் தெரியும்தானே, என் கொடித் துணி சொட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறவர். பிளாஸ்க் அவருடையதாக இருந்திருந்தால் சோடா உப்பு வரை போயிருப்பேனா? சந்தேகம்தான். சூப்போடு கொடுத்திருப்பேன்.

மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு, இதெல்லாமும் இந்த வாரம்தான். எனக்குப் பிடித்தது 24-ஆம் அதிகாரம். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வாசலிலேயே நிற்க வேண்டும், கடன் வாங்கியவரே வெளியே கொண்டுவந்து கொடுப்பார். கடன் செயலிக்காரர்கள் போனுக்குள் புகுந்து நம் உறவினர் எண்களையெல்லாம் எடுக்கிறார்களே, அவர்களுக்கு இதை யாராவது அனுப்புங்கள்.

அடுத்த வாரப் பகுதி கி தாவோ, விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் கொண்டுபோவது வருகிறது. பின்பாதியில் பெரும்பாலும் சாபம், பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்க்கை நான் வாங்கினேனா என்று கேட்காதீர்கள். இன்னும் 189-தான்.