ஊசியை அழுத்திய கை யாருடையது?

[திரையில்: ஒரு சின்ன அறை. மேசை மேல் ஒரு சிரிஞ்ச். வேறு எதுவும் இல்லை.]

லண்டன், 1996. ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த ஒருவர், அதே விடுதியில் தங்கியிருந்த கென்னடி என்பவரிடம், "தூக்கம் வர ஏதாவது கொடு" என்று கேட்கிறார். கென்னடி ஹெராயினைக் கரைத்து, சிரிஞ்சில் ஏற்றி, அவர் கையில் கொடுக்கிறார். வாங்கியவர் தானே குத்திக்கொள்கிறார். காலி சிரிஞ்சைத் திருப்பிக் கொடுக்கிறார். கென்னடி அறையை விட்டுப் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதருக்கு மூச்சு நின்றுபோகிறது.

ஹெராயினைக் கைமாற்றியது குற்றம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சாவுக்கும் கென்னடி பொறுப்பா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்க இங்கிலாந்தில் பதினோரு வருஷம் ஆனது.

[திரையில்: 1996 – 2007 காலக்கோடு]

1997இல் கீழ் நீதிமன்றம் குற்றவாளி என்றது. கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல், ஆங்கிலேயச் சட்டத்தில் மேன்ஸ்லாட்டர் என்பார்கள், அந்தப் பிரிவில். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமுறை இல்லை, இரண்டு முறை அதை உறுதி செய்தது. கடைசியில் 2007 அக்டோபரில் வழக்கு பிரபுக்கள் அவைக்குப் போனது. அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான். போதைப்பொருளைக் கொடுத்தவரை எப்போது இந்தக் குற்றத்தில் தண்டிக்கலாம் என்பது அவர்கள் முன் இருந்த கேள்வி. பதில் ஒரே வரி: விவரம் முழுக்கத் தெரிந்த, சுயபுத்தியுள்ள ஒரு வயதுவந்தவர் தன் விருப்பத்தில் எடுத்துக்கொண்டிருந்தால், ஒருபோதும் இல்லை.

காரணம் எளிமையானது. சட்டம் மனிதனைப் பொம்மையாகப் பார்ப்பதில்லை. நான் ஒன்றை உங்கள் கையில் கொடுக்கிறேன். அதை என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. அந்த முடிவு குறுக்கே வந்து நிற்கும்போது, என் செயலுக்கும் உங்கள் சாவுக்கும் இடையில் இருந்த காரணச் சங்கிலி அறுந்துபோகிறது.

சரி, அந்த ஊசியைக் கொடுத்தவரே அழுத்தியிருந்தால்?

[திரையில்: இரண்டு கைகள், நடுவில் சிரிஞ்ச்]

அப்போது கதையே மாறிவிடும். 1982 மார்ச் 5, லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டல் ஒன்றில் நகைச்சுவை நடிகர் ஜான் பெலூஷி இறந்து கிடந்தார். ஹெராயினும் கொக்கெய்னும் கலந்த ஊசி. போட்டுவிட்டது கேத்தி ஸ்மித் என்ற பெண். அதை அவரே ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார்; அதற்கு அப்புறம்தான் வழக்கு சூடுபிடித்தது. கொலை வழக்காகத் தொடங்கி, 1986இல் மேன்ஸ்லாட்டரை ஒப்புக்கொண்டதில் முடிந்தது. சிறையில் இருந்தது 15 மாதம். கனடாவிலும் இதே கதைதான்: ஒரு பெண்ணின் சம்மதத்தோடேயே அவர் கையில் கொக்கெய்ன் ஊசி போட்ட கிரைட்டன் என்பவருக்கு விதித்த தண்டனையை 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சம்மதம் அவரைக் காப்பாற்றவில்லை.

ஒரே மருந்து, ஒரே சாவு. வித்தியாசம் கட்டைவிரல் யாருடையது என்பதில். இதைக் கேட்டு "இதென்ன அற்பமான கோடு" என்று நீங்கள் நினைத்தால், ஸ்காட்லாந்து நீதிபதிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். 2009இல், கெட்டமைன் என்ற மயக்க மருந்தும் ஹெராயினும் சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, எடுத்துக்கொண்டவர் தன் விருப்பத்தில் எடுத்துக்கொண்டார் என்பதாலேயே சங்கிலி அறுந்துவிடாது என்று தீர்ப்பளித்தார்கள். ஆக, ஒரே தீவில், எல்லைக்கு இந்தப் பக்கம் விற்றால் மேன்ஸ்லாட்டர் இல்லை. அந்தப் பக்கம் விற்றால் மனித உயிரைப் பறித்த குற்றம் வரலாம். ஜெர்மனி இன்னொரு வழி. அங்கே 1984 தீர்ப்பு, தன்னைத் தானே ஆபத்தில் இறக்கிக்கொண்டவரின் சாவுக்கு உதவியவர் பொறுப்பில்லை என்றது. ஆனால் போதைப்பொருள் சட்டத்திலேயே தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள்: கொடுத்ததால் கடும் அலட்சியத்தோடு ஓர் உயிரைப் போக்கினால் குறைந்தது 2 ஆண்டு. முன்வாசலை மூடிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்தது மாதிரி.

[திரையில்: கூடைப்பந்து மைதானம், விளக்குகள் அணைகின்றன]

இப்போது அமெரிக்கா. அங்கே இந்த வழக்குகளுக்கு நடைமுறையில் ஒரு இறந்த இளைஞனின் பெயரே உண்டு: "லென் பயஸ் சட்டம்."

1986 ஜூன் 17. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து நட்சத்திரம் லென் பயஸை பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்வுப் பட்டியலில் இரண்டாவது ஆளாக எடுக்கிறது. வயது 22. இரண்டு நாள் கழித்து, ஜூன் 19, கொக்கெய்னால் இதயம் நின்று இறந்துபோகிறார். நாடே கொதித்தது. தேர்தல் வருஷம் வேறு. நான்கே மாதத்தில், அக்டோபர் 27 அன்று, அதிபர் ரீகன் புதிய போதைப்பொருள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் இருந்தது இந்த வாசகம்: விற்ற பொருளைப் பயன்படுத்தியதால் மரணம் விளைந்தால், குறைந்தபட்சம் 20 ஆண்டு. முன்பே கடும் போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்றால் ஆயுள்.

கவனியுங்கள், கொல்லும் எண்ணம் வேண்டாம். சாவு வரும் என்று எதிர்பார்த்திருக்கவும் வேண்டாம் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பல சொல்லிவிட்டன. விற்றாயா, அதனால் இறந்தாரா, அவ்வளவுதான். நியூ ஜெர்சி 1987இலேயே இதே பாணியில் மாநிலச் சட்டம் கொண்டுவந்தது. இறந்தவர் தானே விரும்பி எடுத்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது.

லென் பயஸ் வழக்கில் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? கொக்கெய்ன் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நண்பரை 1987இல் ஜூரி விடுதலை செய்துவிட்டது. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

[திரையில்: நச்சியல் பரிசோதனை அறிக்கை ஒன்று. வரிசையாக மருந்துப் பெயர்கள்.]

இந்தச் சட்டத்துக்கு முதல் பெரிய கடிவாளம் போட்டது 2014இல் வந்த பர்ரேஜ் தீர்ப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

ஐயோவா மாநிலம், 2010 ஏப்ரல். நீண்டகாலமாகப் போதைக்கு அடிமையான ஒருவர் அன்று காலையிலிருந்தே கஞ்சா, திருடிய ஆக்ஸிகோடோன் வலி மாத்திரை என்று எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பர்ரேஜ் என்பவரிடம் ஒரு கிராம் ஹெராயின் வாங்கினார். மறுநாள் காலை அவர் மனைவி பார்த்தபோது உயிர் இல்லை. உடலில் ஹெராயினின் தடயத்தோடு ஆக்ஸிகோடோனும் தூக்க மருந்துகளும் இருந்தன.

நிபுணர்கள் கூண்டேறினார்கள். "ஹெராயின் மட்டும் இல்லாதிருந்தால் பிழைத்திருப்பாரா?" என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஹெராயினுக்கும் பங்கு உண்டு, அவ்வளவுதான். கீழ் நீதிமன்றத்துக்கு அந்தப் பங்கே போதுமானதாக இருந்தது. 20 ஆண்டு.

உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பின் சாரம் இது: "அதனால் மரணம்" என்றால், அது இல்லாவிட்டால் மரணம் நேர்ந்திருக்காது என்று பொருள். பங்களித்தது என்பது வேறு, அதனால் என்பது வேறு. அவர் தந்த உதாரணம் ஒன்று: ஏற்கெனவே பல நோயால் நலிந்த ஒருவருக்கு விஷம் கொடுக்கப்படுகிறது. மற்ற நோய்களும் சேர்ந்துதான் அவரைக் கொன்றன. ஆனாலும் அந்த விஷம் இல்லாவிட்டால் அவர் பிழைத்திருப்பார் என்றால், விஷமே காரணம். பர்ரேஜ் வழக்கில் அந்த "இல்லாவிட்டால்" நிரூபணம் ஆகவில்லை. ஹெராயின் விற்ற குற்றம் அப்படியே நின்றது. மரணத்துக்கான கூடுதல் தண்டனை விழுந்தது.

இந்தத் தீர்ப்பு வெளியே சின்னதாகத் தெரியும். அளவு மீறி எடுத்து இறந்தவர்களின் நச்சியல் அறிக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அப்போது புரியும். ஒரே ஒரு பெயர் இருப்பது அபூர்வம். மது, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, ஹெராயின் எல்லாம் கலந்திருக்கும். வீட்டில் ஐந்து குழாயும் திறந்திருந்து வெள்ளம் வந்தால், எந்தக் குழாய் குற்றவாளி?

[திரையில்: நீல நிற மாத்திரை, மிக நெருக்கத்தில்]

அப்புறம் ஃபென்டனில் என்ற செயற்கை வலிமருந்து வந்தது. ஹெராயினைவிட 50 மடங்கு வரை வீரியம். பென்சில் முனையில் நிற்கும் அளவே உயிரை எடுக்கக்கூடும். 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். பெரும்பங்கு ஃபென்டனில் வகை மருந்துகளால்.

இது லண்டன் தீர்ப்பின் அஸ்திவாரத்தையே ஆட்டுகிறது என்பது என் கருத்து. "விவரம் முழுக்கத் தெரிந்தவர்" என்றல்லவா சொன்னார்கள்? ராப் பாடகர் மாக் மில்லர் 2018 செப்டம்பரில் இறந்தார். அவருக்குக் கிடைத்தது ஆக்ஸிகோடோன் போலவே அச்சடித்த போலி மாத்திரை, உள்ளே ஃபென்டனில். தான் எதை விழுங்குகிறோம் என்றே தெரியாதவர் எந்த விஷயத்துக்குச் சம்மதித்தார்? போலியை அசல் என்று தெரிந்தே விற்றவன், "அவர்தானே விழுங்கினார்" என்று கைகழுவ முடியாது. இந்த இடத்தில் எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கம் வருவது அடுத்த படியில். மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கும் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் இருக்கலாமே? போலி மாத்திரைச் சந்தையில் கடைசியில் நிற்கும் ஆளுக்கு, வாங்குபவருக்குத் தெரிந்த அளவே தெரிந்திருப்பதும் உண்டு. மாக் மில்லர் வழக்கில் 2022இல் இருவர் தண்டனை பெற்றார்கள்: மாத்திரையை அனுப்பியவருக்கு 17½ ஆண்டு, இடையில் கைமாற்றியவருக்கு ஏறக்குறைய 11. அனுப்பியவர் ஒப்புக்கொண்டது ஃபென்டனில் விநியோகித்த குற்றத்தை மட்டும். மரணம் விளைந்தது என்ற பகுதி கைவிடப்பட்டது. இந்த வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. 20 ஆண்டு என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது, ஜூரி முன் நின்று நச்சியல் பேசும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? பர்ரேஜ் கொடுத்த கேடயம் பலர் கைக்கு வருவதே இல்லை.

[திரையில்: இரண்டு நண்பர்கள், கசங்கிய சில நோட்டுகள்]

இன்னொன்று. "போதை வியாபாரி" என்றவுடன் நம் மனதில் வரும் உருவம் ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் படும் ஆள் பல நேரம் அவன் இல்லை. இரண்டு நண்பர்கள் காசைச் சேர்த்துப் போடுகிறார்கள். ஒருவன் போய் வாங்கி வருகிறான். இருவரும் எடுக்கிறார்கள். ஒருவன் எழுந்திருக்கவில்லை. போய் வாங்கி வந்தவன் "விநியோகித்தவன்" ஆகிவிடலாம், ஏனென்றால் காசு கைமாற வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை. பொருள் கைமாறினால் போதும். இருவரும் சேர்ந்தே போய், ஒரே நேரத்தில், தங்களுக்கென்று வாங்கினால் அது விநியோகம் அல்ல என்று 1977இல் நியூயார்க்கில் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு உண்டு. அதாவது, துணைக்குக் கூடப் போயிருந்தால் தப்பிக்க வாய்ப்பு. தனியாகப் போயிருந்தால் 20 ஆண்டு வரலாம். மேலே இருக்கும் பெருமுதலையைப் பிடிக்கப் போட்ட வலையில், இறந்தவன் பக்கத்தில் படுத்திருந்தவன் மாட்டுகிறான்.

[திரையில்: படுக்கை ஓரம் ஒரு கைபேசி. திரை இருண்டிருக்கிறது.]

கடைசியாக, ஊசி போட்டதற்கு அப்புறம் வரும் நேரம். 2007, தெற்கு வேல்ஸ். ஒரு 16 வயதுப் பெண்ணுக்கு அவள் அக்கா ஹெராயின் வாங்கித் தந்தாள். தங்கை தானே குத்திக்கொண்டாள். உதடு நீலமாகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. அக்காவும் அம்மாவும் பார்க்கிறார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். படுக்கையில் கிடத்தி, அவ்வப்போது பார்த்துக்கொண்டு, அதே அறையில் தூங்கிவிட்டார்கள். விடியும்போது அவள் இல்லை.

ஊசியை அழுத்தியது தங்கையின் விரல்தான். கென்னடி தீர்ப்பின்படி அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு கதவு வழியாக வந்தது: ஆபத்தான நிலையை உண்டாக்குவதில் உனக்குப் பங்கிருந்து, அது தெரிந்தும் சும்மா இருந்தால், காப்பாற்ற முயலும் கடமை உனக்கு வந்துவிடுகிறது. அக்காவின் மேன்ஸ்லாட்டர் தண்டனை நின்றது. குற்றம் ஹெராயினைக் கொடுத்ததில் இல்லை, கூப்பிடாமல் இருந்ததில்.

அமெரிக்காவில் இந்தப் பயத்தைப் போக்கத்தான் 2007இல் நியூ மெக்சிகோ தொடங்கி மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்தது: அளவு மீறியவருக்காக 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தால், போதைப்பொருள் வைத்திருந்ததற்காக உங்கள் மேல் வழக்கு இல்லை. நலாக்சோன் மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் நின்ற மூச்சு திரும்பும், ஆகவே ஒவ்வொரு நிமிடமும் உயிர். ஆனால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலான இடங்களில் வைத்திருந்த குற்றத்தோடு நின்றுவிடுகிறது. கொடுத்ததால் மரணம் என்ற வழக்கு வந்தால் காப்பாற்றாது. நண்பனின் மூச்சு நிற்கும்போது கைபேசியை எடுக்கிறவன் யோசிப்பது அந்த வித்தியாசத்தைத்தான். அவன் 911ஐ அழுத்திய நொடியிலிருந்து எல்லாம் பதிவாகிறது: அவன் எண், அவன் குரல், "எப்போது எடுத்தார், யார் கொடுத்தது?" என்ற கேள்வி, அதற்கு அவன் சொல்லும் பதில்.